முடிக்கத் தெரிந்த கதைசொல்லி
பாலுமகேந்திராவும் தொலைக்காட்சி நாடகமும்

இஷாத் தொழுகை முடிந்த பிறகு எங்கள் ஊர் வீதியால் நடந்து போனால், ஒரு நாடகத்தை ஒரு வசனமும் தவறாமல் கேட்டுக்கொண்டே போகலாம். ஒரு வீட்டு யன்னலில் மருமகள் கேட்ட கேள்விக்கு அடுத்த வீட்டு யன்னலில் மாமியார் பதில் சொல்வார். நடந்து முடிவதற்குள் அன்றைய நாடகமும் முடிந்துவிடும். கதை மட்டும் முடியாது.

தொலைக்காட்சி நாடகம் பற்றி நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. "அதைத் திறந்தாலே வீட்டில் பறக்கத் இல்லாமல் போகும்" என்பது ஒரு கட்சி. "நாள் முழுக்க வேலை செய்த மனுசிக்கு அரை மணித்தியாலம் பொழுதுபோக வேண்டாமா?" என்பது மற்றக் கட்சி. இரண்டு கட்சியும் ஓயாமல் வாதாடினாலும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டு நிற்கின்றன. தொலைக்காட்சி நாடகம் என்றால் அது இப்படித்தான் இருக்கும், வேறு விதமாக இருக்க முடியாது என்று இருவருமே நம்புகிறார்கள்.

என் உம்மும்மா இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர். நாடகத்தைப் பார்ப்பார், பார்த்துக்கொண்டே ஏசுவார். ஒருநாள் அவர் என்னிடம், "மகள், நான் மௌத்தாகிறதுக்கு முந்தி இந்த நாடகம் முடியுமா?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என் மனதில் தங்கிவிட்டது. முடிகிற நாடகத்தை யாராவது எடுத்தார்களா என்று தேடியபோது கிடைத்த பெயர் பாலுமகேந்திரா. அவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அமிர்தகழியிலிருந்து

பாலுமகேந்திரா 1939ஆம் ஆண்டு மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தார். இயற்பெயர் மகேந்திரன். பாடசாலைக் காலத்தில் ஒரு சுற்றுலாவின்போது 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. டேவிட் லீன் இயக்கிய அந்தப் படத்தின் புகழ்பெற்ற பாலம் நம் களனி கங்கையின் மேல், கித்துள்கலையில் அமைக்கப்பட்டது. இயக்குநர் ஒரு சொல் சொன்னதும் செயற்கை மழை பொழியத் தொடங்கியதைக் கண்டு தான் வியந்து நின்றதாக அவர் பிற்காலத்தில் பல தடவை நினைவுகூர்ந்திருக்கிறார். மழையை இறக்குபவன் அல்லாஹ் ஒருவனே என்று நமக்குத் தெரியும். ஆனாலும் குழாயில் வந்த அந்தத் தண்ணீர் ஒரு சிறுவனின் வாழ்க்கைப் பாதையையே தீர்மானித்துவிட்டது.

அவர் உடனே சினிமாவுக்குப் போய்விடவில்லை. கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக வேலை பார்த்தார். இலங்கை வானொலி நாடகங்களில் பங்குகொண்டார். 'தேனருவி' என்ற இலக்கியச் சஞ்சிகையின் ஆசிரியராகவும் இருந்தார். நம்மைப் போன்ற சஞ்சிகைக்காரர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கமராவைத் தொடுவதற்கு முன்பே அவர் கதைகளை வாசித்து, தெரிந்தெடுத்து, அச்சுக்கு அனுப்பியவர். முப்பது வருடங்களுக்குப் பிறகு அந்தப் பழக்கம் அவருக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

1966இல் இந்தியா சென்று, புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் விரும்பியது இயக்கம்; கிடைத்த இடமோ ஒளிப்பதிவுப் பிரிவில். நம்மில் எத்தனையோ பேர் உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு இதே நிலையில்தான் நிற்கிறோம். கேட்ட துறை கிடைக்காது. கிடைத்த துறையில் மனம் ஒட்டாது. அவர் கிடைத்ததை முழு மனதோடு படித்து 1969இல் வெளியேறினார். அவருடைய பயிற்சிப் படத்தைக் கண்ட 'செம்மீன்' இயக்குநர் ராமு காரியத், தன்னுடைய 'நெல்லு' படத்துக்கு அவரை ஒளிப்பதிவாளராக்கினார். 1974இல் வெளிவந்த அந்த மலையாளப் படம் அவருக்குக் கேரள அரசின் விருதைப் பெற்றுக்கொடுத்தது. அவர் முதன்முதலாக இயக்கிய படம் 'கோகிலா' (1977). கன்னட மொழியில் எடுக்கப்பட்ட அதற்காக இந்தியாவின் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருது கிடைத்தது. 'மூன்றாம் பிறை' (1982) அதே விருதை மீண்டும் தந்தது.

அவருடைய எல்லாப் படங்களும் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்கவை என்று நான் சொல்ல வரவில்லை. அவரது சொந்த வாழ்வும் விமர்சனங்களுக்கு உள்ளானதுதான். நான் இங்கே எழுதுவது, சின்னத்திரையை அவர் எப்படி மதித்தார் என்பதைப் பற்றி மட்டுமே.

யன்னல் வெளிச்சம்

அவருடைய தொழிலின் அடிப்படையை விளங்கிக்கொள்ள ஒரு சிறு பரிசோதனை செய்யலாம். பகல் பத்து மணிக்கு உங்கள் குசினிக்குள் போய்ப் பாருங்கள். யன்னல் பக்கம் இருக்கும் உம்மாவின் கன்னம் வெளிச்சமாகவும் மற்றக் கன்னம் நிழலாகவும் இருக்கும். அவர் அடுப்பின் பக்கம் திரும்பினால் முகமே இருண்டுவிடும். நிஜ வாழ்க்கையில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்துதான் வருகிறது.

இப்போது ஒரு தொடர் நாடகத்தைப் பாருங்கள். காலையோ நள்ளிரவோ, வீட்டின் எந்த மூலையாக இருந்தாலும், எல்லா முகங்களும் ஒரே அளவு பளிச்சென்று இருக்கும். மேலேயும் பக்கங்களிலும் விளக்குகளை நிரந்தரமாகக் கட்டிவைத்துவிட்டு, நாளெல்லாம் காட்சிகளை எடுத்துத் தள்ளுவதால் வருகிற வெளிச்சம் அது. ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தால் நாளொன்றுக்கு ஒரு பகுதி என்ற கணக்கு பிழைத்துவிடும்.

பாலுமகேந்திரா இயற்கை வெளிச்சத்தை நம்பியவர். யன்னலால் வருவதையும் கதவால் வருவதையும் கொண்டே பெரும்பாலான காட்சிகளை எடுப்பார். பார்ப்பவருக்கு அது ஒரு அரங்காகத் தெரியாமல் யாரோ வாழும் வீடாகத் தெரியும். இந்த வெளிச்சத்துக்குப் பெரிய செலவு இல்லை, பொறுமைதான் தேவை. தொலைக்காட்சியின் சிறிய செலவுத்திட்டத்துக்குள் அவரால் நல்ல நாடகங்களை எடுக்க முடிந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வில்லன் இல்லாத கதை

1988இல் வெளிவந்த 'வீடு' அவருடைய சிறந்த படங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. உத்தியோகம் பார்க்கும் ஒரு பெண், தன் தாத்தாவும் தங்கையும் இருக்க ஒரு சிறிய வீடு கட்டப் புறப்படுகிறாள். அவ்வளவுதான் கதை. படத்தில் பாட்டு இல்லை, சண்டை இல்லை. காசு போதாமல் போவதும் அத்திவாரமும் சுவரும் மெதுவாக எழுவதும்தான் சம்பவங்கள். நம் மாவட்டத்தவருக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் ஒன்றுமில்லாமல் புத்தளம் வந்து சேர்ந்த குடும்பங்கள் ஓலைக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்குப் போக எத்தனை வருடம் எடுத்தன என்று நமக்குத் தெரியும். பூசாத சுவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள்.

அதே தாத்தா வேடத்தில் நடித்த முதிய கலைஞர் சொக்கலிங்க பாகவதரை வைத்து அவர் அடுத்ததாக எடுத்தது 'சந்தியா ராகம்' (1989). இது இந்திய அரசின் தொலைக்காட்சியான தூர்தர்ஷனுக்காக எடுக்கப்பட்டது. மனைவியை இழந்த கிராமத்து முதியவர் ஒருவர் பட்டணத்தில் இருக்கும் தம்பி மகனின் வீட்டுக்கு வந்து சேருகிறார். சிறிய வீடு, சிறிய சம்பளம். ஒரு ஆள் கூடினால் வீட்டுக் கணக்கு முழுவதுமே ஆட்டம் காணும் நிலை. அந்த வீட்டில் கெட்டவர் என்று ஒருவருமில்லை. எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் ஒருவரையொருவர் நோகடித்துவிடுகிறார்கள். குடும்ப நலன் பற்றிய சிறந்த படம் என்ற பிரிவில் இதற்கு இந்தியத் தேசிய விருது கிடைத்தது.

தொடர் நாடகத்தில் இப்படிப்பட்ட சங்கடம் வந்தால் உடனே ஒரு வில்லியைக் கொண்டுவந்து, குற்றத்தை முழுவதும் அவள் தலையில் போட்டுவிடுவார்கள். பார்க்கும் நமக்கும் அது வசதி. "நாங்கள் அப்படியில்லை" என்று நிம்மதியாகப் படுக்கப் போகலாம். 'சந்தியா ராகம்' போன்ற கதை அந்த நிம்மதியைத் தருவதில்லை. நம் வீட்டு மூலையில் படுத்திருக்கும் வயதானவர் இன்று சாப்பிட்டாரா என்று எழுந்துபோய்ப் பார்க்க வைக்கிறது.

ஐம்பத்திரண்டு கதைகள்

1999ஆம் ஆண்டளவில் பாலுமகேந்திரா சன் தொலைக்காட்சிக்காக 'கதை நேரம்' என்ற தொடரை எடுத்தார். அறுபது வயதில், தேசிய விருதுகள் பெற்ற பிறகு, சின்னத்திரை சிறியது என்று அவர் ஒதுங்கவில்லை. தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குறும்படமாக்கினார். மொத்தம் 52. ஒரு வருடத்துக்கு எத்தனை வாரங்களோ அத்தனை கதைகள்.

அப்போது அவரிடம் உதவியாளராக இருந்த வெற்றிமாறன், இன்று தமிழின் முக்கிய இயக்குநர்களில் ஒருவர். கதைகளை வாசித்துச் சுருக்கி எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. படமாக்குவதற்கு முன் அடுக்கடுக்காக வாசிக்க வேண்டியிருந்தது. கொழும்பில் 'தேனருவி'க்குக் கதை தெரிந்தெடுத்த அதே ஆள்தான் சென்னையில் தொலைக்காட்சிக்கும் கதை தெரிந்தெடுத்தார். முப்பது வருடத்துக்கு முந்திய பழக்கம் கைகொடுத்தது என்று நான் மேலே சொன்னது இதைத்தான். இலக்கியம் வாசிக்காதவருக்கு நல்ல படம் எடுக்க வராது என்பதை அவர் தன் மாணவர்களிடம் கடைசிவரை வற்புறுத்தி வந்தார்.

மாலன் எழுதிய 'தப்புக் கணக்கு' அந்த வரிசையில் வந்த கதைகளில் ஒன்று. ஒரு பிள்ளை தன் போக்கில் யோசித்துப் போட்ட கணக்கை ஆசிரியர் பிழையென்று வெட்டிவிடுகிறார். வீட்டிலிருக்கும் தாத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. இதில் கொலை இல்லை, சூழ்ச்சி இல்லை, சொத்துத் தகராறும் இல்லை. ஆனால் புள்ளி குறைந்த அப்பியாசக் கொப்பியோடு வீட்டுக்கு வந்த எவருக்கும் இது பெரிய விடயம்தான்.

எழுத்து எப்படிக் காட்சியாகிறது?

சிறுகதையைப் படமாக்குவது என்றால், வசனங்களை எடுத்து நடிகர்களின் வாயில் போடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடினமான வேலை வசனம் இல்லாத வரிகளில்தான் இருக்கிறது.

நம் ஊரிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு கதையில், "கடலுக்குப் போன வாப்பா இன்னும் வரவில்லை. உம்மா கவலையோடு காத்திருந்தார்" என்று இரண்டு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாசகருக்கு இது போதும். கமராவுக்குப் போதாது. 'கவலை' என்ற சொல்லைப் படம்பிடிக்க முடியாது.

தொடர் நாடகம் இதை எப்படிச் செய்யும்? உம்மா வாசலில் நின்று, "யா அல்லாஹ், அவர் இன்னும் வரலையே, எனக்குப் பயமா இருக்கே!" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்வார். இடி போல இசை வரும். முகத்தை மூன்று தடவை கிட்டக் காட்டுவார்கள். பிறகு மாமியார் முகம், மச்சி முகம், பக்கத்து வீட்டார் முகம். அத்தோடு அன்றைய பகுதி முடிந்துவிடும்.

கமராவின் பாசையில் யோசிக்கும் இயக்குநர் வேறு விதமாகச் செய்வார். மூடி வைத்த ஒரு சோற்றுக் கோப்பை. பாயில் நித்திரையான பிள்ளைகள். உம்மா ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவுகிறார். தூரத்தில் ஒரு எஞ்சின் படகின் சத்தம், கை நிற்கிறது. சத்தம் நம் கரைக்கு வராமல் கடந்து போகிறது. கை மறுபடியும் தேய்க்கத் தொடங்குகிறது. ஒரு வசனமும் இல்லை. ஆனால் கடல்தொழில் செய்யும் வீட்டில் பிறந்தவர் எவரும் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

நாடகத்தின் தரம் பற்றிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முதல் வகை, பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது என்று நினைக்கிறது. இரண்டாவது வகை, பார்ப்பவருக்கும் மனசு இருக்கிறது என்று நம்புகிறது.

அப்படியானால் ஏன் முடிவதில்லை?

'கதை நேரம்' வந்த அதே காலத்தில், அதே சன் தொலைக்காட்சியில்தான் 'சித்தி' தொடர் ஓடிப் பெரும் வெற்றி பெற்றது. 2002இல் தொடங்கிய திருமுருகனின் 'மெட்டி ஒலி' 800 பகுதிகளைத் தாண்டியது. 2003இல் தொடங்கிய திருச்செல்வத்தின் 'கோலங்கள்' 2009 வரை நீண்டு 1500 பகுதிகளைத் தாண்டியது. இவற்றை எடுத்தவர்களும் திறமைசாலிகளே. ஐந்து மகள்களைக் கரைசேர்க்கும் தந்தையின் பாரத்தையும், தானாக உழைத்து முன்னேறும் பெண்ணின் போராட்டத்தையும் அவர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதை மறுக்க முடியாது.

ஆனால் தினசரித் தொடரின் பொருளாதாரம் வேறு. நாடகத்துக்கு இடையில் வரும் விளம்பரம்தான் வருமானம். மக்கள் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையைத் திறக்கப் பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தை உடைக்க எந்த நிறுவனமும் விரும்பாது. ஆகவே கதை நன்றாக ஓடினால் இழுக்கப்படும், ஓடாவிட்டால் வெட்டப்படும். எங்கே முடிய வேண்டும் என்பதைக் கதை தீர்மானிப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை வாளி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளம்பரத்தைக் கழித்து ஒரு பகுதி 20 நிமிடம் என்று வைத்தால், 1500 பகுதிகள் 500 மணித்தியாலங்கள். இரவு பகல் நித்திரையில்லாமல் பார்த்தாலும் 20 நாட்களுக்கு மேல் ஆகும். அதே அளவில் 52 சிறுகதைகளையும் பார்த்து முடிக்க 18 மணித்தியாலம் போதும். முன்னையதில் ஒரு குடும்பத்தின் கதை. பின்னையதில் ஐம்பத்திரண்டு வாழ்க்கைகள். எனக்கு இந்தக் கணக்கு விளங்கிய பிறகு, உம்மும்மாவின் கேள்வி பகிடியாகத் தோன்றவில்லை. அவர் கேட்டது தன் ஆயுளின் கணக்கை.

எஞ்சியிருப்பவை

2007இல் பாலுமகேந்திரா சென்னையில் 'சினிமாப் பட்டறை' என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிக் கற்பிக்கலானார். 2013இல் வெளிவந்த 'தலைமுறைகள்' படத்தில் அவரே முதியவராக நடித்தார். வேறு மதத்துப் பெண்ணை மணந்ததால் மகனை ஒதுக்கிய ஒரு தாத்தா, பேரப்பிள்ளையின் முன்னால் மனம் இளகுவதே அதன் கதை. 2014 பெப்ரவரி 13ஆம் திகதி அவர் காலமானார். அதன் பிறகுதான் அந்தப் படத்துக்குத் தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது அறிவிக்கப்பட்டது.

வாழ்வின் கடைசிக் காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த ஒரு கவலை உண்டு. 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற தன் படங்களின் மூலப்பிரதிகளே இல்லாமல் போய்விட்டன என்பது அது. படங்களைப் பாதுகாக்க ஒரு ஆவணக் காப்பகம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆயிரம் பகுதி நாடகங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் காலத்தில், நல்ல படைப்புகளின் சுருள்கள் அழிந்துபோனது வேதனைதான். புத்தகமாக இருந்தால் எங்கோ ஒரு வாசிகசாலையில் ஒரு பிரதியாவது எஞ்சியிருக்கும்.

பெற்றோருக்கும் தோழியருக்கும்

பெற்றோரே, நாடகத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்று எங்கள் வாப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிறுத்துவதோடு விட்டுவிடாமல், எப்படிப் பார்ப்பது என்றும் எங்களுக்குச் சொல்லித்தாருங்கள். எந்த நாடகத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்தக் கதைக்கு ஒரு முடிவு இருக்கிறதா? இதில் வருபவர்கள் மனிதர்களா, அல்லது நல்லவர் கெட்டவர் என்று பெயர் ஒட்டிய பொம்மைகளா? பார்த்து முடித்த பிறகு என் வீட்டாரோடு நான் முன்னரைவிட நன்றாக நடந்துகொள்வேனா?

தோழியரே, அந்த ஐம்பத்திரண்டு கதைகளும் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டவை. நம் ஊர்க் கதைகள் அப்படியே கிடக்கின்றன. வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் உம்மாக்களையும், கருவாட்டு வாடியில் வளர்ந்த பிள்ளைகளையும், சின்ன வயதில் விட்டுவந்த ஊரின் பெயரை இன்னும் நித்திரையில் சொல்லும் முதியவர்களையும் எந்தத் தொடரிலும் நான் கண்டதில்லை. கமரா இப்போது எல்லோர் வீட்டுத் தொலைபேசியிலும் இருக்கிறது. யன்னல் வெளிச்சத்துக்கும் காசில்லை. கதையை மட்டும் நாம்தான் எழுத வேண்டும். அதற்கு இந்தச் சஞ்சிகையின் பக்கங்கள் இருக்கின்றன.

உம்மும்மாவுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் அவருடைய சின்ன வயதுக் கதை ஒன்றை எழுதி, இருபது நிமிடத்துக்குள் படமாக்கிக் காட்டுவேன் என்று. அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "முடிவை மட்டும் ஒழுங்கா வை, மகள்."